320,000 சொன்ன வீட்டை 230,000க்குக் கேட்டால்

வணக்கம் ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள உங்கள் ஒற்றை மாடி வரிசை வீட்டுக்கு 320,000 ரிங்கிட் சொல்லியிருக்க, ஒருவர் 230,000க்குக் கேட்டதால் பதிலே சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி விட வேண்டாம். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களில் பலர் ஆழம் பார்ப்பவர்களே.

அந்தத் தொகைக்கு எப்படி வந்தார் என்று முதலில் கேளுங்கள். கூரை ஒழுகுகிறது, வயரிங் பழையது, குத்தகை நிலத்தில் எஞ்சிய ஆண்டுகள் குறைவு என்றால் பேச இடமுண்டு. "தோட்டப்புறத்து வீடுதானே" என்பது காரணமாகாது. அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அண்மையில் கைமாறிய வீடுகளின் விலைகளை, மதிப்பீடு மற்றும் சொத்துச் சேவைத் துறையின் விற்பனைத் தரவுகளில் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் காண்பது கேட்கும் விலையே தவிர, விற்ற விலையன்று.

அந்த விற்ற விலைகள் உங்கள் விலையை ஒட்டியிருந்தால், 312,000 என்று சற்றே இறங்கி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் குறிப்பிட்டு எழுத்தில் பதில் அனுப்புங்கள். நடுவாக 275,000க்கு முடித்துவிடலாம் என்று முகவர் அவசரப்படுத்தக்கூடும். ஆனால் அந்த நடுப்புள்ளியை அவ்வளவு கீழே இழுத்ததே வாங்க வந்தவர்தான். அவர் கடனில் வாங்குபவரானால், வங்கியின் மதிப்பீடு விற்பனை விலைக்குக் குறைவாக வந்தால் மிச்சத்தை அவரே ரொக்கமாகப் போட வேண்டியிருக்கும் என்பதால், கடன் தகுதியையும் விசாரியுங்கள்.

நீங்கள் வீடு வாங்கி ஐந்தாண்டு நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தால், பொறுப்பதே லாபம்: ஐந்தாம் ஆண்டில் ஆதாயத்தில் 15 விழுக்காடாக உள்ள சொத்து ஆதாய வரி, ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு இல்லை.