அக்காவிடம் கேளுங்கள்: "வீட்டுக்கு வந்து பேசுறேன்"

கேள்வி: அக்கா, நாகர்கோவிலில் இன்ஜினீயரிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். ஹாஸ்டலில் தெலுங்குக் காலேஜ் படமாகப் பார்த்துத் தள்ளுகிறோம். பெரும்பாலும் கடைசியில் அப்பா மனசு மாறிவிடுகிறார். கூடப் படிக்கிற பையனும் "வேலை கிடைச்சதும் உங்க வீட்டுக்கு வந்து பேசுறேன்" என்கிறான். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு, பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டும் அவரேதான். அத்தை மகனுக்கு என்னைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: பையனைப் பற்றி எனக்குத் தெரியாது மக்களே, படத்தைப் பற்றிச் சொல்லலாம். 2006-ல் வந்த 'பொம்மரில்லு' இருக்கிறதே, 2008-ல் தமிழில் 'சந்தோஷ் சுப்பிரமணியம்' ஆனது, ரெண்டிலும் ஜெனிலியா, ரெண்டிலும் அப்பா பிரகாஷ்ராஜ், அதில் மனசில் உள்ளதையெல்லாம் அப்பாவிடம் கொட்டுவது மகன். பெண்ணோ அவன் வீட்டில் ஒரு வாரம் தங்கி எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கவேண்டும்! அதே 2008-ல் 'கொத்த பங்காரு லோகம்', அங்கே காலேஜ் என்றால் இன்டர்மீடியட், அதாவது நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. அந்த வயசில் வீட்டில் தடுத்தால் வில்லத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பையனின் அப்பா செத்தே போகிறார் (அங்கேயும் பிரகாஷ்ராஜ்தான், பாவம்).

உன் கதை வேறு. அங்கே 'பாவா', இங்கே 'அத்தான்', முறைப்பையன் உரிமை ரெண்டு ஊரிலும் உண்டு. அத்தை மகன் வேண்டாம் என்றால் அதை மட்டும் இப்பவே சொல்லு, இந்தப் பையன் பேரை இழுக்காமல். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால், எவனுக்காகவோ சொந்தத்தை வெட்டுகிறாள் என்றுதான் பேச்சு வரும். அத்தைக்கு வேறு வழியில் தெரிந்தால் இன்னும் மோசம், மத்தளம் மாதிரி அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் இடி. அவன் வேலை வாங்கி வரட்டும், அது அவன் பாடு. உன் வீட்டில் பேசவேண்டியது நீ.

முதலில் அம்மையிடம் சொல்லு. அப்புறம் அப்பாவிடம். மழை பிடித்து வெட்டு நின்றுபோய், கையில் காசில்லாமல் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நாளில் வாயே திறக்காதே. ரப்பர் ஷீட் விற்ற காசு கைக்கு வந்த நாளாகப் பார். விடியுமுன் எழும்பி மரம் மரமாக வெட்டிவிட்டு வந்தவர், மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழும்பட்டும். அன்றைக்குக் கட்டன்சாயாவை நீயே கொண்டுபோய்க் கொடு, அம்மையும் பக்கத்தில் இருக்கட்டும்.