கோவையிலிருந்து காரில் ஐந்து நாள்: ஊட்டி, வால்பாறை, மூணாறு, கொடைக்கானல் நான்கையும் பார்க்க முடியுமா?

நான்கும் வேண்டாம் என்பதுதான் என் பதில். வால்பாறை, மூணாறு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, போடி வழியாக இறங்கி வீடு திரும்புங்கள். அம்மா அப்பாவும் எட்டு வயதுப் பையனும் கூட வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் தனியாகப் போவதாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

வரைபடத்தில் நான்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, கீழே இறங்காமல் அங்கிருந்து இங்கே வர முடியாது. வால்பாறையும் மூணாறும் ஒரே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. இருந்தும் இடையில் இருப்பது புல்மலைக் காடும் இரவிகுளம் தேசியப் பூங்காவும், நேர் சாலை கிடையாது. மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு பழைய சாலை இருந்தது. அதில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆக, நான்கு ஊர் என்றால் நான்கு ஏற்றம், நான்கு இறக்கம், நடுநடுவே வெயிலில் சமவெளி ஓட்டம். ஐந்து நாளில் பாதிக்கு மேல் ஸ்டியரிங்கிலேயே போய்விடும்.

மலையில் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள். ஒரு நாளில் ஒரு ஏற்றம், தங்கும் இடத்தில் இரண்டு இரவு, பொழுது சாய்வதற்குள் அறைக்குள். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக அமையும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பொள்ளாச்சியில் லேசாக இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆழியாறு போய்விடுங்கள். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும், வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பையனை எண்ணச் சொல்லுங்கள், அவனுக்கு நேரம் போவதே தெரியாது. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டுங்கள். கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். பக்கத்துப் பாறைகளில் வரையாடு நிற்பதையும் பார்க்கலாம். நம் மாநில விலங்கை இவ்வளவு கிட்டத்தில், சாலையோரத்திலேயே பார்ப்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் வால்பாறையிலேயே இருங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். அவை கீழே இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது. மதியத்துக்கு மேல் சோலையாறு அணை அல்லது நல்லமுடி பூஞ்சோலை, இரண்டில் ஒன்று போதும். இருட்டிய பிறகு ஊருக்குள்ளேயே ஆனாலும் நடக்க வேண்டாம், சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம். யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க எஸ்டேட் பகுதிகளில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்தான் நீளமான நாள், இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து வரும். ஏழு மணிக்கெல்லாம் வால்பாறையை விட்டுவிடுங்கள். உடுமலையில் சீக்கிரமே மதியச் சாப்பாட்டை முடித்து, அங்கேயே பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு, மூணாறு சாலையில் உள்ள ஒன்பதாறு வனத்துறை செக்போஸ்ட்டை இரண்டு மணிக்குள் தாண்டிவிட்டால் கவலை இல்லை. இரவில் அந்த வழி கிடையாது.

இந்த உடுமலை – மூணாறு சாலைக்காகவே இந்தப் பயணத்தைச் சொல்கிறேன். தேனி வழியாகப் போனால் மூணாறு வரும், இந்தச் சாலை வராது. சின்னாறு மழைமறைவுப் பகுதி. முதலில் இருபுறமும் முள்காடுதான், வறண்ட பாறை, சப்பாத்திக்கள்ளி, நட்சத்திர ஆமை வாழும் பூமி. மாநில எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறினால் மறையூர். அங்கே சாலையோரத்திலேயே சந்தன மரங்கள் வேலிக்குள் காவலோடு நிற்கும். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் இருக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடாக உருட்டிக் கொடுப்பதை வாங்கி அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள். அதற்கு மேலே தேயிலை, லக்கம் அருவி, பிறகு குளிர். முள்காட்டிலிருந்து சோலைக்காடு வரை ஒரே பிற்பகலில், சுமார் 85 கிலோமீட்டருக்குள். சின்னாறு வரைக்கும் மட்டும் எங்கேயும் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள், யானைகள் கடக்கும் பாதை அது.

மூணாறு டவுனுக்குள் அறை எடுக்க வேண்டாம், நெரிசல் அதிகம். தேவிகுளம் பக்கம் எடுத்தால் ஐந்தாம் நாள் இறங்கவும் சுலபம். நான்காம் நாளுக்கு ராஜமலை (இரவிகுளம் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்கும் பகுதி) அல்லது டாப் ஸ்டேஷன், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ராஜமலையில் வனத்துறை வண்டியிலேயே மேலே கூட்டிப்போவார்கள், பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. 2,695 மீட்டர் ஆனைமுடியின் அடிவாரம் அது. வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். குறிஞ்சி பார்க்கத்தான் என்றால் 2018இல் பூத்தது, அடுத்து 2030. பையனுக்கு ரயில் பிடிக்கும் என்றால் டாப் ஸ்டேஷன் போங்கள். மூணாறுக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் இருந்தது, அது வந்து நின்ற மேல் நிலையம்தான் இந்தப் பெயருக்குக் காரணம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் போடிப் பக்கம் இறங்கின. 1924 வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துக்கொண்டு போனது, பிறகு திரும்பப் போடவே இல்லை.

ஐந்தாம் நாள் கேப் ரோடு, ஆனையிறங்கல், பூப்பாறை, போடிமெட்டு. பூப்பாறையை நெருங்கும்போது ஏலக்காய்த் தோட்டங்கள் தொடங்கிவிடும். போடிமெட்டில் டீ குடித்துவிட்டு 17 வளைவுகள் இறங்கினால் தேனி மாவட்டத்துச் சமவெளி. பெரியகுளம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வழியாக இரவுக்குள் கோவை.

ஓட்டுவதைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஆட்டோமேட்டிக் என்றால் எல் (லோ கியர்) அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. பஸ் திரும்ப வளைவு முழுவதும் தேவைப்படும், அதனால் வளைவுக்கு முன்பாகவே ஒதுங்கி நில்லுங்கள். அப்புறம், வாந்தி வரும் என்று தெரிந்தால் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் கொடுத்துப் பயன் இல்லை.

ஊட்டியும் கொடைக்கானலும் எங்கேயும் போய்விடாது. இரண்டுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது, கோவையிலிருந்து தனித்தனியாக ஒரு வார இறுதி போதும்.

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது, பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையும் மூணாறும் மழையிலேயே இருக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழையில் போடி இறக்கத்தில் மண் சரியலாம். அப்போது போவதானால் நான்காம் நாள் இரவே தங்கும் விடுதியில் கேப் ரோடும் போடிமெட்டும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகமாகப் பதில் வந்தால், வந்த வழியே மறையூர், உடுமலை என்று இறங்கிவிடுங்கள். கோவைக்கு அதுதான் குறைந்த தூரமும்கூட.