சீனாவின் பழைய தந்தி வாத்தியமான கூச்சின் வெறும் தியான இசைதானா? சீனர்கள் ஏன் அதை இவ்வளவு உயர்வாகப் பேசுகிறார்கள்?

தியான இசை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘ஆழ்ந்த தூக்கத்துக்கு’ என்று யூடியூபில் மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகளால் வந்த பெயர் அது. அந்தத் தொகுப்புகள் பலவற்றில் ஒலிப்பது கூச்சின்கூட இல்லை, கூசெங் என்ற வேறொரு தந்தி வாத்தியம். இன்றைய கூசெங்குக்கு 21 தந்திகள். ஒவ்வொன்றின் கீழும் நகர்த்தக்கூடிய குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சிறு கட்டை உண்டு. விரலில் செயற்கை நகம் கட்டி மீட்டுவதால் ஓசை பளிச்சென்று விழும். கூச்சினுக்கு 7 தந்திகள்தான். வீணையில் இருப்பதுபோல மெட்டுக் கட்டைகள் கிடையாது, தந்திக்குத் தந்தி குதிரையும் கிடையாது. பலகையின் ஓரமாகப் பதித்த 13 சிப்பிப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். ஓசை சின்னது. மைக் இல்லாமல் பெரிய அரங்கின் பின்வரிசைக்கு எட்டாது. படித்தவர்கள் தனியாகவோ ஒரு நண்பருக்காகவோ வாசிப்பதற்கென்று வளர்ந்த கருவி. கன்பூசியஸ் இதை வாசித்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அதன் மதிப்பு புரிய ஒரே ஒரு பாடலைச் சொல்கிறேன்: ‘குவாங்லிங் சான்’. இது அமைதிப் பாட்டே இல்லை, ஒரு கொலையின் கதை. நியே ஜெங் என்பவனின் தந்தை வாள் செய்யும் கொல்லர். அரசன் கேட்ட வாளை உரிய நாளில் முடித்துத் தராததால் அரசன் அவரைக் கொன்றுவிடுகிறான். மகன் மலைக்குப் போய் வருடக்கணக்கில் கூச்சின் கற்கிறான். யாரும் அடையாளம் காணாதபடி முகத்தையும் குரலையும் சிதைத்துக்கொள்கிறான். வாசிப்பில் பேர் வாங்கியதும் அரண்மனையிலிருந்து அழைப்பு வருகிறது. கருவிக்குள் ஒளித்து வைத்திருந்த கத்தியை எடுத்து அரசனைக் குத்திக் கொல்கிறான். இந்தப் பாடலில் 45 பகுதிகள். ஒன்றின் தலைப்பு, ஆத்திரத்தில் சிலிர்த்த மயிர் தலைப்பாகையைத் தள்ளுவதைச் சொல்கிறது. இன்னொன்று வாளை வீசுவது.

கதையைவிடத் தந்தியில் நடப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழைய சீன இசைக் கொள்கையில் முதல் சுரம் அரசன், இரண்டாவது அமைச்சன். அந்த வரிசையில்தான் கூச்சினின் முதல் இரண்டு தந்திகளையும் பார்த்தார்கள். குவாங்லிங் சானுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டாவது தந்தியைத் தளர்த்தி, முதல் தந்தியின் சுருதிக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். இரண்டு தடித்த தந்திகளும் ஒரே சுரத்தில் சேர்ந்து அதிரும்போது அடி வயிற்றில் இறங்குகிற மாதிரி ஒரு முழக்கம் வரும். அமைச்சன் அரசனுக்குச் சமமாக நிற்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம். 12ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ஜூ ஷி இந்தப் பாடலைக் கண்டித்ததற்குக் காரணமும் இதுதான். ஒரு தந்தியைத் தளர்த்தினால் ராஜதுரோகம் கேட்கிறது என்றால், அந்தச் சமூகம் இந்தக் கருவியை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்!

3ஆம் நூற்றாண்டில் ஜி காங் என்ற கவிஞர் இந்தப் பாடலுக்குப் பேர்போனவர். அதிகாரத்தில் இருந்த சிமா ஜாவுக்கு வளைந்து கொடுக்காததால் மரண தண்டனை கிடைத்தது. கொலைக்களத்தில் நிழலைப் பார்த்து நேரம் இருப்பதை அறிந்து, கருவியைக் கேட்டு வாங்கி இதையே வாசித்தாராம். இத்தோடு குவாங்லிங் சான் முடிந்தது என்று வருந்தியதாகவும் சொல்வார்கள்.

ஆனால் பாடல் முழுசாக அழியவில்லை. மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜூ சுவான் 1425இல் தொகுத்த ‘ஷென்ச்சி மிபூ’ என்ற சுவடியில் அது இருக்கிறது. சரி, சுவடி இருந்தால் போதுமே, பார்த்து வாசித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கூச்சின் சுவடியில் சுரம் எழுதப்படுவதில்லை, விரல் வேலைதான் எழுதப்படும். இடது கைக் கட்டைவிரல், ஒன்பதாவது புள்ளி, வலது கை நடுவிரலால் உள்பக்கமாக இழு, இரண்டாவது தந்தி: இவ்வளவும் ஒரே எழுத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கும். எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது மட்டும் இருக்காது. தாளத்தை வாசிப்பவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 1950களில் குவான் பிங்ஹூ என்ற கூச்சின் கலைஞர் குவாங்லிங் சானை அப்படித்தான் மறுபடி வாசிப்புக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் நாடெங்கும் தேடிப் போனவர்களால் நூறு கூச்சின் கலைஞர்களைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நிலையில் அவர் செய்த வேலை இது. நான் அவரை வணங்குகிறேன்.

நீங்கள் கேட்கத் தொடங்குவதாக இருந்தால் அவருடைய பதிவுகளையே தேடுங்கள். முதலில் ‘லியூ ஷுய்’, அதாவது ஓடும் நீர். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் இருப்பது அவர் வாசித்த இதுதான், ஏழரை நிமிடம் ஓடும். தந்தியை ஒருமுறை மீட்டிய பிறகு இடது கை விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். சுரம் தேய்ந்து கிட்டத்தட்ட அடங்கிய பிறகும் விரல் நிற்காது. நம் காதுக்கு இது கமகம்தான், என்ன, பாதிக்கு மேல் மௌனத்தில் நடக்கும். விரலின் தோல் பட்டுநூல் தந்தியில் உரசும் ‘சர்ர்’ என்ற சத்தமும் கூடவே வரும். பதிவு பழசானதால் வரும் இரைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். 1960களுக்குப் பிறகு நைலான் சுற்றிய உலோகத் தந்திகள் வந்து அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டன. எனக்கு அது இல்லாத கூச்சின் பிடிப்பதில்லை.

அப்புறம் குவாங்லிங் சான். இருபது நிமிடத்துக்கு மேல் போகும். ஹெட்போன் போட்டு, முதல் இரண்டு தந்திகளும் சேர்ந்து முழங்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள்.