ஸ்லைமில் போகும் உலோகம்: கேள்வி பதில்

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பங்கள் வட ஆற்காட்டில் ஊருக்கு ஊர் உண்டு. தாதுவை அரைக்கும்போது வரும் மிக நுண்ணிய சேறுதான் ஸ்லைம். அதோடு உலோகம் நழுவிப் போவது பற்றி வந்த கேள்விகளிலும் அந்த வாசம் தெரிகிறது.

காட்பாடி மாணவர்: சார், தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம். அப்புறம் ஏன் ஸ்லைமோடு அடித்துக்கொண்டு போகிறது?

கனம் மட்டும் போதாது தம்பி. நுண்துகள் தண்ணீரில் இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 5 மைக்ரான் தங்கமும் 17 மைக்ரான் குவார்ட்ஸும் (மணல் கல்) ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்கும். தங்கம் தகடாக நசுங்கியிருந்தால் இன்னும் மெதுவு.

இராணிப்பேட்டை: சார், டெய்லிங்ஸில், அதாவது பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கழிவில், உலோகம் போகிறது. கனமானதைச் சுருள் வாய்க்காலில் பிரிக்கும் ஸ்பைரல் வாங்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். டெய்லிங்ஸ் குழாய் வாயில் ஷிப்ட் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி பிடியுங்கள். 325 மெஷ் என்னும் மிக நுண்ணிய சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, மேலே நின்றதையும் கீழே போனதையும் தனித்தனியே காயவைத்து, எடை போட்டு, ஆய்வுக்கு அனுப்புங்கள். உலோகம் மேலே நின்றதில் இருந்தால், அது பெரும்பாலும் கல்லுக்குள் சிக்கியிருக்கும். அதற்கு மருந்து அரைப்பில்தான். கீழே போனதில் இருந்தால் ஸ்பைரல் உதவாது. சல்ஃபைடுக்கு (கந்தகம் சேர்ந்த தாது) உயரமான குழாயில் காற்றுக் குமிழால் மிதக்கவிடும் காலம் (column) ஃப்ளோட்டேஷன், ஹெமடைட்டுக்கு (இரும்புத் தாது) வலுவான காந்தப் பிரிப்பான், தங்கத்துக்கு அதைக் கரைக்கும் சயனைடு அல்லது மையவிலக்குக் கருவி என்று யோசிக்கலாம். களிமண் அதிகமென்றால் முதலில் சேற்றைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனில் அதைக் கழித்துவிடுங்கள். மெஷின் விற்பவர் இதையெல்லாம் கேட்காமலே விலை சொன்னால், அவரிடம் வாங்காதீர்கள்.

குடியாத்தம்: தங்கவயலில் சயனைடு போட்டுத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மேட்டில், அதான் சைனைடு மேட்டில், இன்னும் தங்கம் இருக்கிறது என்பார் தாத்தா. நிஜமா?

நிஜம்தான். 2001இல் சுரங்கம் மூடியபோது மேடுகளும் அப்படியே நின்றுவிட்டன. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். ஆனால் டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. சயனைடுக்கு ஒருமுறை தப்பியது பொதுவாகக் குவார்ட்ஸுக்குள்ளோ சல்ஃபைடுக்குள்ளோ மூடிக்கிடக்கும். மறுபடி அரைக்கும் கரண்ட் செலவுதான் கணக்கைத் தீர்மானிக்கும்.

வேலூர் நகைப்பட்டறை: கழுவு தொட்டிச் சேற்றில் பாதரசம் போட்டுத் தங்கம் எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அண்ணே. பாதரசத்தை ஆவியாக்கும்போது அந்தப் புகை நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகும். பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டில் பிள்ளைகள். தவிர, சோப்பும் எண்ணெயும் படிந்த நுண்தங்கத்தைப் பாதரசம் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. தொட்டியில் படிகாரம் கலந்து ஒரு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். தெளிந்த தண்ணீரை மேலாக வடித்து, சேற்றைக் கெட்டித் துணியில் வடிகட்டிக் காயவையுங்கள். மாதிரியை உருக்கி ஆய்வு செய்து காட்டும் சுத்திகரிப்பவரிடம் எடைபோட்டுக் கொடுங்கள்.

ஆம்பூர்: தோல் பதனிட்ட தண்ணீரில் உள்ள குரோமியத்துக்கும் இதே வழியா?

இல்லை, அது கரைந்திருப்பது. மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் ஹைட்ராக்சைடாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பதனிடப் பயன்படுத்தலாம். குரோம் தண்ணீரை மட்டும் தனி வாய்க்காலில் பிரித்து எடுங்கள். மற்ற கழிவோடு கலந்துவிட்டால் இந்த முறை நடக்காது.