கேலி யாரைச் சுட வேண்டும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்காவின் டிராய் நகர நூலகத்தைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாமே நூலகத்தையும் நூலகரின் சம்பளத்தையும் பற்றியவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நூலகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தெருவில் "புத்தக எரிப்பு விருந்து" என்று பலகை நட்டவர்களைப் பாராட்டியிருந்தீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1981இல் எங்கள் நூலகம் எரிந்தபோது பள்ளிச் சிறுமி. எரிப்பதைக் கேலிக்கு எடுத்துக்கொள்ளலாமா? – வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன், அம்மா. இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை. குறிப்பைப் படிக்காதவர்களுக்காக, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெட்ராய்ட்டுக்கு அருகில் உள்ள ஊர் டிராய். 2008க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் அங்கே வீடுகளின் மதிப்பு விழுந்தது. அந்த மதிப்பை வைத்து வசூலாகும் நகராட்சி வரியும் குறைந்தது. நூலகத்துக்கென்று தனி வரி கேட்டு 2010இல் நடந்த வாக்கெடுப்பு தோற்றுப்போனது. 2011 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீண்டும் வாக்கெடுப்பு. கேட்டது, சொத்தின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு எழுபது சென்ட், அதுவும் ஐந்தாண்டுகளுக்கு மட்டும். ஆனால் ஊரில் பேச்செல்லாம் வரியைப் பற்றியே இருந்தது, நூலகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் "ஆகஸ்ட் 2 அன்று நூலகத்தை மூட வாக்களியுங்கள், ஆகஸ்ட் 5 அன்று புத்தக எரிப்பு விருந்து" என்ற பலகைகள் முளைத்தன. ஊர் கொதித்தது. கோபம் முற்றிய பிறகு, அந்தப் பலகைகளை நட்டவர்களே வெளியே வந்து, நூலகத்துக்கு எதிராக வாக்களிப்பதும் புத்தகங்களை எரிப்பதும் ஒன்றுதான் என்பதை உணர்த்தவே இதைச் செய்தோம் என்றார்கள். ஒரு விளம்பர நிறுவனத்தின் வேலை அது. 58 சதவீத வாக்குகளோடு வரி நிறைவேறியது, நூலகம் பிழைத்தது.

எரிகிற நூலகத்தைக் கண்ணால் பார்த்திராத ஊரில்தான் அந்தக் கேலி எடுபட்டது. 1981 மே 31ஆம் தேதி இரவு தொடங்கி, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலானதைக் கண்டவர்களின் தெருவில் அதே பலகையை நட்டிருந்தால், அது கொடுமையாக இருந்திருக்கும். நான் அதைப் பொதுவான ஒரு சாமர்த்தியமாகப் பாராட்டியது தவறு. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகங்கள் எரியப்போகின்றன என்று கொதித்த அந்த ஊருக்கு, புத்தகங்களைக் கையில் எடுத்துக் கொடுக்கும் மனிதர்களின் வேலை போவது நினைவூட்டப்படவில்லை. பலகையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் எழுதிய குறிப்பிலும் இல்லை.

கேள்வி: புத்தகம் எடுத்துக் கொடுக்கவும் வரவு வைக்கவும் எதற்குச் சம்பள ஊழியர்கள்? எங்களைப் போல ஓய்வுபெற்றவர்கள் தினம் இரண்டு மணி நேரம் சேவையாகச் செய்ய மாட்டோமா? – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

பதில்: உங்கள் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஐயா. ஆனால் பிரிட்டன் இதே வழியில் போய்ப் பார்த்த நாடு. 2016இல் பிபிசி திரட்டிய கணக்கின்படி, ஆறே ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 8,000 நூலகப் பணியிடங்கள், அதாவது மொத்தத்தில் கால் பங்கு, ஒழிந்துபோயின. 343 நூலகங்கள் மூடப்பட்டன. அதே காலத்தில் சேர்க்கப்பட்ட தன்னார்வலர்கள் 15,500 பேர். நூலகரின் வேலை போனதால் உண்டான பள்ளத்தில் அந்த நல்லவர்களை இறக்கிவிட்டார்கள் என்பதே என் வருத்தம். நூலகருக்குத் துணையாக நில்லுங்கள், அவருடைய நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள்.

அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதற்கு டிராய் நகரிலேயே சான்று இருக்கிறது. 1971இல் அந்த நூலகம் திறந்தபோது, மார்கரீட் ஹார்ட் என்ற குழந்தைகள் பிரிவு நூலகர், எழுத்தாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் தலைவர்களுக்கும் கடிதம் போட்டு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நூலகத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று கேட்டார். 97 பேர் பதில் எழுதினார்கள். நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவர்களில் ஒருவர். தன் நூலகத்தையும் அதற்கு வரப்போகும் பிள்ளைகளையும் தன் பொறுப்பாக நினைத்த ஓர் ஊழியருக்குத் தோன்றிய யோசனை அது. நாளை இந்த வேலை இருக்குமா என்று தவிப்பவரிடம் அப்படியொரு யோசனையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: ஆட்குறைப்பைவிடச் சம்பளக் குறைப்பு மேல் அல்லவா? – வாசகர், சேலம்

பதில்: வேலையே போவதைவிட மேல்தான். ஆனால் அந்தச் சுமை எப்போதும் கடைசியில் இருப்பவர் தலையிலேயே இறங்குகிறது. சியாட்டில் நகரம் 2009இல் ஆகஸ்ட் கடைசி நாள் தொடங்கி ஒரு வாரம் தன் நூலகங்கள் அனைத்தையும் பூட்டி, ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. இணையதளத்தைக்கூட நிறுத்திவைத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இது தொடர்ந்தது. ஒரு வகையில் அது நேர்மையான செயல். ஊழியருக்குச் சம்பளம் இல்லையென்றால் நூலகமும் இல்லை என்பதைப் பூட்டிய கதவு ஊருக்குக் காட்டியது. 2012இல் ஏழாண்டுகளுக்குச் சுமார் 12.3 கோடி டாலர் தரும் நூலக வரிக்கு அந்த ஊர் மக்கள் வாக்களித்தார்கள்.

கேள்வி: நான் ஊர்ப்புற நூலகர். நூலகர் என்றாலே மேசையில் தலை வைத்துத் தூங்குகிறவர் என்று கேலிச்சித்திரம் போடுகிறார்கள். எங்கள் காலமுறை ஊதியக் கோரிக்கையைப் பற்றி யாரும் வரைவதில்லையே? – திருவாரூர் மாவட்டம்

பதில்: வரையத்தான் வேண்டும், தம்பி. பத்திரிகைக்காரன் என்ற முறையில் வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

நம்முடையது சாதாரணச் சட்டம் அல்ல. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதன் பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். யாழ்ப்பாண நூலகம் அமைந்தபோதும் யோசனை சொன்னவர் அவர்தான். டிராயைப் போலவோ சியாட்டிலைப் போலவோ சில ஆண்டுகளுக்கொரு முறை மக்களிடம் கையேந்தும் நிலை இங்கே இல்லை. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்ந்தே வசூலாகிறது. நம் ஒவ்வொரு வீட்டின் வரி ரசீதிலும் அது இருக்கிறது. வசூலிக்கும் உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அது உரிய நேரத்தில் வந்து சேராமல் நிலுவையாகத் தங்குவது நீண்ட காலக் குறை. மக்கள் நூலகத்துக்கென்று கொடுத்த காசு வழியிலே நின்றுவிட, காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. இங்கே நடக்கும் ஆட்குறைப்புக்கு ஆணை எதுவும் தேவைப்படுவதில்லை. ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் அப்படியே விடப்படுகிறது.

போன மாதம் ஒரு கிளை நூலகத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தவர் ஒரே ஒரு பெண். அவரே கதவைத் திறந்தார், அவரே கூட்டினார், நாளிதழ்களைப் பிரித்து மேசைகளில் வைத்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஏழெட்டுப் பேருக்கு நடுவில், முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்த பாட்டிக்கு அதைப் பூர்த்தி செய்து கொடுத்தார். ஒரு சிறுவன், "அன்னிக்குக் குடுத்தீங்களே, அதே மாதிரி இன்னொண்ணு" என்றான். புத்தகத்தின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து போய், தயங்காமல் ஒன்றை உருவி, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தார். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்று ரங்கநாதன் 1931இல் விதியாக எழுதியது இதைத்தான்.

உங்கள் சங்கத்தின் கோரிக்கை மனுவை எனக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் ஓவியரிடம் பேசிவிட்டேன். அடுத்த இதழின் கேலிச்சித்திரத்தில் தூங்கப்போவது நூலகர் இல்லை, அந்த நிலுவைக் கோப்பு.