பதினைந்து பல்கலைக்கழகங்களில் எவற்றை வெட்டலாம்?

கேள்வி: கணினி அறிவியலில் எம்.எஸ். படிக்க வெளிநாடு போக நினைக்கிறேன். உலகத் தரவரிசையில் முதல் 50 இடங்களுக்குள் வரும் 15 பல்கலைக்கழகங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கக் கட்டுப்படியாகாது. எவற்றை விடலாம்?

பதில்: தரவரிசையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண், கல்வியாளர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பிலிருந்து வருகிறது. அதுவும் பல்கலைக்கழகம் முழுமைக்குமான பெயர். மருத்துவத்தில் கொடிகட்டிப் பறக்கும் இடத்தில் உங்கள் பிரிவுக்கு நாலே பேராசிரியர்கள் இருக்கலாம்.

ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் இந்த ஆண்டு எந்தப் பாடங்களை உண்மையிலேயே நடத்துகிறார்கள் என்று பாருங்கள். கையேட்டில் 60 பாடங்கள் இருக்கும். பருவத்துக்கு வருவது அதில் ஒரு பகுதிதான். பின்னால் பிஎச்.டி. எண்ணம் இருந்தால், ஆய்வேடு எழுத வழியில்லாத எம்.எஸ். உங்களுக்கு உதவாது. உங்களுக்குப் பிடித்த ஆய்வைச் செய்பவர் ஒரே ஒருவர்தான் என்றாலும் யோசியுங்கள். அவர் வேறு இடத்துக்கு மாறிவிட்டால் என்ன செய்வீர்கள்?

நாட்டுக்கு நாடு கணக்கும் மாறும். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரே ஆண்டு; செலவு மிச்சம், ஆனால் வகுப்பு தொடங்கிய கையோடு வேலை தேட வேண்டியிருக்கும். ஜெர்மனி இலவசம் என்று பொத்தாம்பொதுவாக நம்ப வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியில் பல துறைகள் நீங்கள் இளங்கலையில் படித்த கணிதம், கணினிப் பாடங்களின் கிரெடிட்டை, அதாவது பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளிகளை, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும். அதில் குறைந்தால் நல்ல மதிப்பெண்ணும் காப்பாற்றாது. எனவே இந்தத் தகுதிப் பட்டியலை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

அப்புறம், 'சேஃப்', அதாவது நிச்சயம் இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லும் இடங்கள். பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அது இளங்கலைக்கானது. இடம் கிடைக்கும், கட்டணம் கட்ட முடியும், கிடைத்தால் மனதாரப் போவேன் என்ற மூன்றுக்கும் 'ஆம்' வந்தால்தான் அது சேஃப். கிடைத்தாலும் போகமாட்டேன் என்றால் எதற்கு விண்ணப்பக் கட்டணம்?

என் கணக்கு ஏழு: எட்டாக்கனியாகத் தோன்றுபவை இரண்டு, உங்கள் மதிப்பெண்ணுக்குப் பொருந்துபவை மூன்று, சேஃப் இரண்டு. உங்களுக்கு மூன்று பேர் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியிருக்கும். 15 இடம் என்றால் 45 தடவை பதிவேற்றம். பாவம், அவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் நின்றால் அவர்களில் ஒருவரிடமே பட்டியலைக் காட்டுங்கள். எந்த இடத்துக்கு உங்களைத் தயங்காமல் சிபாரிசு செய்வார் என்று அவரே சொல்லிவிடுவார்.