ரோகிணியும் தாய்மாமனும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் இருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பேரனைத் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஏழரை மணி இருக்கும். நிலாவை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம். செவ்வாய் என்றார் என் கணவர். சுண்டல் விற்ற பையன் செல்போனை வானத்துக்கு நேரே பிடித்து, "அல்டிபெரான்னு போட்டிருக்கு ஆயா, சாகப்போற ஸ்டாராம்" என்றான். வீட்டுக்கு வந்ததும் மகள் தேடிப் பார்த்துவிட்டு, அதுதான் ரோகிணி என்றாள். எனக்குத் திக்கென்றது. பேரன் பிறந்தது ரோகிணியில். தாய்மாமனுக்கு ஆகாது என்று என் மகனின் மாமியார் வீட்டில் ஏற்கெனவே பேச்சு. தையில் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைப்பதா, வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. வானத்தில் இருப்பதும் ஜாதகத்தில் இருப்பதும் ஒன்றுதானா? அந்த நட்சத்திரம் நிஜமாகவே சாகப்போகிறதா?

ச., கடலூர்

அன்புள்ள ச. அம்மா,

மகள் சொன்னது சரி. நீங்கள் பார்த்தது ரோகிணிதான். சுண்டல்காரப் பையன் சொன்னதும் அதே நட்சத்திரத்தின் அரபுப் பெயர்தான். 'பின்னால் வருகிறவன்' என்று அர்த்தம். கார்த்திகைக் கூட்டம் முன்னே உதிக்க, இது ஒரு மணி நேரம் கழித்து அதன் பின்னாலேயே கடலிலிருந்து ஏறி வரும். வடமொழியில் ரோகிணி என்றால் சிவந்தவள். பெயர் வைத்தவர்கள் எல்லோரும் நன்றாக அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கணவரையும் குறை சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் செவ்வாய் ரோகிணிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. வெளிச்சம் குறைவாக இருக்கட்டும் என்று வீராம்பட்டினம் மணலில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் ஆடாமல் அசையாமல் குத்திட்டு நின்றது. ரோகிணி, காற்றில் வைத்த அகல் மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை அவருக்கு இதைக் காட்டுங்கள்.

சரி, ஜாதகத்துக்கு வருகிறேன். நிலா வானத்தைச் சுற்றும் பாதையை 27 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 13 பாகை (டிகிரி) 20 கலை; 60 கலை ஒரு பாகை. ஒவ்வொரு பங்குக்கும் அடையாளமாக ஒரு விண்மீனையோ விண்மீன் கூட்டத்தையோ வைத்தார்கள். உங்கள் பேரன் ரோகிணி என்றால், அவன் பிறந்த நேரத்தில் நிலா அந்தப் பங்கில் இருந்தது, அவ்வளவுதான். சிதம்பரம் ரோட்டில் ஆம்புலன்ஸில் ஒரு பிள்ளை பிறக்கிறது, பக்கத்தில் ஒரு மைல்கல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த இடத்தைச் சொல்ல அந்தக் கல் உதவும். பிள்ளையின் மாமனைப் பற்றிக் கல்லுக்கு என்ன தெரியும்?

மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கண்ணன் பிறந்தது ரோகிணி, கம்சன் தாய்மாமன். கம்சன் செத்தது அவன் செய்த காரியத்துக்காக. தங்கை பெற்ற பிள்ளைகளை வரிசையாகக் கொன்றவனோடு, மருமகனுக்குக் காதுகுத்துக்குத் தோடு வாங்கக் காத்திருக்கிற உங்கள் மகனை ஏன் சேர்க்க வேண்டும்?

இன்னொன்று. நம் பழைய ஆட்கள் ரோகிணியைக் கண்டு பயந்தவர்கள் இல்லை; கல்யாணத்துக்கு அதைத் தேடிப் பிடித்தவர்கள். ரோகிணியைச் சுற்றி மங்கலான சில மீன்கள், முன்பக்கம் குறுகி வரும் வண்டிச் சட்டம் போலத் தெரியும். அதனால் அதற்குச் சகடு, சகடம் என்று பெயர். நிலா சகடத்தோடு சேரும் நாளில் மணம் செய்ததை அகநானூறு சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணமும் 'வானூர் மதியம் சகடணைய' நடந்ததுதான். உங்கள் கடற்கரையிலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் வரும் அதே புகாரில். அதைவிட நல்ல நாள் கிடைத்திருக்காது. அந்தக் கல்யாணம் எங்கே போய் முடிந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வாழவைப்பாள் என்று நம்பப்பட்ட ரோகிணியால் ஒரு ஜோடியைக் காப்பாற்ற முடியவில்லை. மடியில் உட்கார்ந்த பிள்ளை வழியாக ஒரு மாமனைக் கவிழ்க்க மட்டும் அவளுக்கு எங்கிருந்து பலம் வரும்? உங்கள் சம்பந்தியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கதை கேட்கிறவர் என்றால் எடுபடும்.

நிலாவுக்கும் ரோகிணிக்கும் உறவு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. தட்சனின் 27 பெண்களைக் கட்டிக்கொண்ட சந்திரன் ரோகிணி வீட்டிலேயே கிடந்தான், அதனால் தேய்ந்து போகச் சாபம் வாங்கினான் என்ற கதையை வானத்தைப் பார்க்காமல் கட்டியிருக்க மாட்டார்கள். நிலா நிஜமாகவே ரோகிணியை மறைக்கும். 2015 ஜனவரியிலிருந்து 2018 செப்டம்பர் வரை மாதம் தவறாமல், பூமியில் எங்காவது ஓரிடத்துக்குத் தெரிகிற மாதிரி, 49 தடவை மறைத்தது. பிறகு சில ஆண்டுகள் விலகியே போகும். ஏறத்தாழ 18.6 ஆண்டில் சுற்று திரும்ப வரும். 27 பேரில் எல்லோருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. சுவாதியும் இதே போன்ற ஆரஞ்சு நட்சத்திரம்தான், இதைவிடப் பிரகாசம். ஆனால் நிலாப் பாதைக்கு 30 பாகை வடக்கே இருக்கிறது. நிலா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

சாகப்போகிற விஷயம். வயதானவள் என்பது உண்மை. நடுவில் இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, அதைச் சுற்றியுள்ள அடுக்கு எரிகிறது. விறகடுப்பில் நடுக்கட்டை சாம்பலான பிறகு ஓரத்தில் தீ பிடிக்குமே, அப்படி. அந்தச் சூட்டில் வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, பெருத்ததால் மேற்பரப்பு ஆறி ஆரஞ்சாகிவிட்டது. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,800 கெல்வின், ரோகிணிக்கு சுமார் 3,900. குறுக்களவு சூரியனைப் போல 44 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியை வைத்தால் புதன் கிரகத்துக்குப் போகும் தூரத்தில் பாதியை அடைத்துவிடும். எடை மட்டும் சூரியனைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டு கழித்து இந்த நிலைக்கு வரும். ரோகிணி வெடிக்காது. மேலுறையை மெல்ல உதிர்த்துவிட்டுச் சின்ன வெள்ளைக் கங்காக அடங்கும், அதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒருநாள் வெடிக்கப்போவது உங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் விழா எடுக்கிறார்களே, அந்தத் திருவாதிரை.

தூரம் 65 ஒளியாண்டு. அன்று உங்கள் கண்ணில் பட்ட வெளிச்சம் ரோகிணியை விட்டுக் கிளம்பி 65 வருஷம் ஆகிறது. மாமனைக் குறிவைத்துக் கிளம்ப, அப்போது மாமனே பிறக்கவில்லை.

தை மாதக் கடைசிக்கு முன்னால் ஒருநாள், எட்டரை மணி வாக்கில், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் ரோகிணி ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும். கழுத்தைத் திருப்ப வேண்டாம். காதுகுத்து முடிந்து, அழுது ஓய்ந்த பையனை மாமன் நெஞ்சில் கிடத்திக் காட்டுங்கள். வண்டிச் சட்டத்தை அவன் கண்டுபிடிக்க மாட்டான், ஆரஞ்சு நிறம் தெரியும்.